இன்னும் பிறக்காத கையொப்பம்

காலை எட்டு இருபது.
படிவத்தின் ஏழாம் பக்கத்தில்
நான் ஒப்பமிட வேண்டிய பெட்டி
வெறும் பெட்டியாகக் கிடந்தது.
தட்டினேன். திரும்பவும் தட்டினேன்,
செத்த நண்டின் ஓட்டைத் தட்டுவதுபோல.

சீனக்குடாவுக்கு அப்பால்
கோதுமைக் கப்பலொன்று நங்கூரத்தில் ஆடுகிறது.
அது சும்மா நிற்கும் ஒரு மணிக்கு
என் மாதச் சம்பளம் காணாது.
என் பெயர் பெட்டிக்குள் விழும்வரை
ஒரு மணியும் இறங்காது.

"பிரவுசர்ல திறக்க வேணாம் மிஸ்,
சேவ் பண்ணி ரீடர்ல திறங்க."
தொலைபேசியில் கொழும்பிலிருந்து தெவிந்த.
திறந்தேன். பெட்டி உயிர் பெற்றது.
டோக்கனைச் செருகினேன், விளக்கு எரியவில்லை.
மற்றத் துளையில் எரிந்தது.
கடவுச்சொல்லுக்கு மூன்று தரம்தான் அனுமதி;
இரண்டு தரம் பிழைத்துவிட்டது.
கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தால்
பெரிய எழுத்துப் பூட்டு விழுந்திருக்கிறது.

சரி, உள்ளே போனது.
போன வேகத்தில் ஒரு சிவப்புப் புள்ளடி:
இந்தக் கையொப்பம் செல்லுபடியாகாது.

நேற்றைய கூத்தையும் சொல்லிவிடுகிறேன்.
பொறுமை கெட்டு, படிவத்தை அச்செடுத்து,
நீல மையில் ஒப்பமிட்டு, ஸ்கான் பண்ணி அனுப்பினேன்.
"மிஸ், இது படம். கையொப்பம் இல்ல."
என் விரல் அழுத்திய மை படமாம்.
யார் கையும் படாத இலக்கங்கள்தான் கையொப்பமாம்.
தாளை வாசல் பெட்டியில் எறிந்தேன்.
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த மானொன்று
ச. சுகிர்தமலரை முழுதாக மென்று விழுங்கியது,
எதையும் சரிபார்க்காமல்.

பத்தரைக்குக் கிண்ணியாப் பாலம் தாண்டி அஸ்மீர் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
திரையின் கீழ் மூலையைப் பார்த்தான்.
"அக்கா, இண்டைக்கு என்ன திகதி?"
சொன்னேன்.
"உங்கட மிசினுக்கு அது தெரியாதே."

ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

உள்ளே பொத்தான் அளவில் ஒரு பற்றரி செத்திருந்தது.
இரவு கரண்ட் போனதும்
நிற்கிற இடம் மறந்து
தன் பிறந்த நாளுக்கே திரும்பியிருக்கிறது மிசின்.
எனக்குச் சான்றிதழ் கிடைத்ததோ போன ஆவணியில்.
ஆக, அது பொய் சொல்லவில்லை:
இந்த ஒப்பத்துக்குரியவள் இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் எனக்குப் பதினாலு.
அப்பா வள்ளம் தள்ளுமுன்
கரைச் சாவடியில் பதிவுக் கொப்பி.
அவருக்குக் கை நடுக்கம், பேனா நிற்காது;
அவர் பெயரை நான்தான் எழுதுவேன்,
போகும்போது ஒன்று, வந்த பிறகு ஒன்று.
துவக்கோடு நின்றவன் ஒருநாளும்
இரண்டையும் ஒத்துப் பார்த்ததில்லை.
அப்பா வந்தார். எல்லா நாளும் வந்தார்.
இதைச் சொல்லத்தான் வேண்டும்;
அந்த வருடத்தின் பெயரைச் சொன்னாலே
ஆட்கள் வேறொரு முடிவுக்கு
முகத்தைத் தயாராக்கிவிடுகிறார்கள்.

மணிக்கூட்டுக் கடையில் பற்றரி நூற்றைம்பது ரூபா.
மூடியைக் கழற்றினான்: தூசு, ஒரு பல்லி முட்டை.
பிறகு ஒற்றை விரலால்
வருடங்களை மேலே தள்ளத் தொடங்கினான்.
"கொஞ்சம் ஆறுதலா," என்றேன்.
ஏன் சொன்னேனென்று அவனும் கேட்கவில்லை.

பிழைத்த ஒப்பத்தை அழித்தோம்.
டோக்கன், கடவுச்சொல்.
பச்சைச் சரி.

தெவிந்தவுக்கு அனுப்பக் கை வைக்கையில்
மூன்றாம் பக்கத்தில் கண் பட்டது.
கோதுமையின் நிறையில் ஒரு சைபர் கூட.
தொட்டேன், அசையவில்லை.
ஒப்பமிட்ட படிவத்தில் ஒரு புள்ளியும் மாற்ற முடியாது,
அதற்குத்தானே இத்தனை பாடு.

அஸ்மீர் ஹெல்மெட்டைக் கழற்றிக்
கதிரையை இழுத்துப் போட்டான்.
"பிளேன்ரீ இருக்கா, அக்கா?"